இரண்டாவது காது

வல்லி இறந்த நூற்று நாற்பத்தாறாவது நாள், காலை பதினொரு மணிக்கு, துடி நிறுவனத்திலிருந்து ஒரு பெண் வந்தாள்.

கருவியைத் திரும்ப வாங்க வந்திருக்கிறாள் என்று வல்லியின் கணவன் மாதேஷ் நினைத்தான். விமர்சனத்துக்கு வரும் பொருளை இருபத்தோரு நாளில் திருப்பி அனுப்பிவிட வேண்டும். அது வழக்கம்.

"அட்டைப்பெட்டி இல்ல. கருவி இருக்கு. கேபிளும் இருக்கு. எடுத்துத் தரேன்," என்றான்.

"அதுக்கு வரலை சார். என் பேர் ஃபர்ஹானா. துடியில எச்சரிக்கைப் பகுதியை எழுதினது நான்தான். நான் இங்க வந்தது கம்பெனிக்குத் தெரியாது."

உள்ளே உட்கார இடமில்லை. சோபா முழுக்கப் பிரிக்காத பெட்டிகள். மடிக்கும் போன், கேம் கன்ட்ரோலர், சுவரில் படம் காட்டும் ஏதோ ஒன்று. வல்லி இறந்த செய்தி கம்பெனிகளின் அனுப்பும் பட்டியல்களுக்கு இன்னும் எட்டவில்லை. வாரத்துக்கு இரண்டு வந்துகொண்டிருந்தன. இரண்டு பெட்டிகளை நகர்த்தி ஃபர்ஹானாவுக்கு இடம் செய்து கொடுத்தான்.

ஓசூரில் அந்த இரண்டு அறை வீட்டிலிருந்துதான் 'வல்லி பார்த்தாச்சு' சேனல் ஆறு வருடமாக ஓடியது. பேசுவது வல்லி. படம் பிடிப்பதும் வெட்டி ஒட்டுவதும் மாதேஷ். எல்லாவற்றைப் பற்றியும் அவளுக்கு ஒரு கருத்து இருந்தது. மடிக்கும் போன் மடக்கு நாற்காலி மாதிரி, விருந்தாளி வந்தால் மட்டும் எடுக்க வேண்டும் என்பாள். எந்த இடத்திலும் சேமித்துக்கொள்ளலாம் என்று விடுகிற கேம் பயந்தாங்கொள்ளிகளுக்கானது. உலகத்தைக் காப்பாற்றும் நாயகன் மூன்று மணி நேரப் படத்தில் ஒரு தடவைகூடக் கழிவறைக்குப் போகாவிட்டால் அவன் மேல் சந்தேகம் வர வேண்டும். வேற்றுக்கிரகவாசி ஓசூர் பேருந்து நிலையத்தில் இறங்குகிறவரை விண்வெளிப் படங்களை அவள் ஒப்புக்கொள்வதாக இல்லை. நாலு லட்சம் பேர் அதைக் கேட்டார்கள். பாதிப் பேர் சண்டை போடுவதற்காகவே கேட்டார்கள்.

ஆனால் சோதித்துப் பார்க்காமல் அவள் எதையும் சொன்னதில்லை. அதில் மட்டும் கறார்.

"உங்க துடி வீடியோவை நேத்து மறுபடி பார்த்தேன்," என்றாள் ஃபர்ஹானா. "ஆறாவது நிமிஷத்துல அவங்க கருவியைக் கழட்டி உங்க காதுல மாட்டுறாங்க."

"ஆமா."

"உங்களுக்கும் அடிச்சுது."

"மூணு நாள் போட்டேன். மூணு நாளும் அடிச்சுது. அதுக்கு ரெண்டு வாரம் முன்னாடிதான் விசாவுக்காக முழு உடம்பையும் செக் பண்ணியிருந்தேன். ஒண்ணும் இல்ல. ஒண்ணும் இல்லாதவனுக்கே அடிக்குதுன்னா கோளாறு கருவியிலதான்."

இந்த வாக்கியத்தை அவன் ஏற்கெனவே பலரிடம் சொல்லியிருந்தான். மருத்துவமனையில் டாக்டரிடம் சொன்னான். மயானத்திலிருந்து திரும்பும் வழியில் வல்லியின் மாமாவிடம் சொன்னான். யாரும் கேட்காதபோது தனக்கே சொல்லிக்கொண்டான். ஐந்து மாதமாக அதன் மேல்தான் நின்றுகொண்டிருந்தான்.

துடி ஒரு காதுக்கருவி. பாட்டுக் கேட்கிற சின்னக் கருவிகளைப் போலவே இருக்கும். ஆனால் அது கேட்பது காதுக்குப் பின்னால் மூளைக்கு ஏறும் ரத்தக்குழாய்களின் சத்தத்தை. எங்காவது குழாயின் சுவர் மெலிந்து வீங்கத் தொடங்கினால் ஓட்டத்தின் சத்தம் மாறும். வெடிப்பதற்கு வாரக்கணக்கில் முன்பே மாறும். அப்போது ஒரு மணியோசை. பிறகு இனிமையான ஒரு குரல்: "உங்கள் ரத்த ஓட்டத்தில் மாற்றம். மருத்துவரைப் பாருங்கள்."

வல்லி, விமர்சனம் வெளியான நாற்பத்தோராம் நாள், கூரியர் கடை வரிசையில் நின்றபடியே சரிந்தாள். கையில் திருப்பி அனுப்ப வேண்டிய ஒரு கீபோர்டு. மாதேஷ் வெளியே வண்டியில் உட்கார்ந்திருந்தான். மூளையில் ஒரு குழாய் வெடித்திருந்தது.

"போடும்போது உங்களுக்குன்னு தனியா ஒரு ப்ரொஃபைல் தொடங்குனீங்களா சார்?"

சமையல் கேஸை மூடினீர்களா என்று கேட்பதுபோல் சாதாரணமாகத்தான் கேட்டாள்.

"இல்ல."

"அவங்க ப்ரொஃபைல்லயே போட்டீங்க."

"கழட்டினா. என் காதுல மாட்டினா. அவ்வளவுதான்."

ஃபர்ஹானா தன் கைகளைப் பார்த்துக்கொண்டாள்.

"துடி முதல் ஏழு நாள் எதுவும் பேசாது. கேட்டுக்கிட்டே இருக்கும். இந்த ஆளோட ரத்தம் இப்படித்தான் ஓடும்னு மனப்பாடம் பண்ணிக்கும். எட்டாம் நாள்ல இருந்துதான் ஒப்பிட்டுப் பார்க்கும். நீங்க போட்டப்ப அது நீங்கன்னு அதுக்கு எப்படித் தெரியும்? அவங்க ரத்தம் ராத்திரியோட ராத்திரியா ஆளே மாறிப்போச்சுன்னுதான் நினைக்கும். கத்தத்தான் செய்யும்."

மாதேஷ் மின்னணுவியல் படித்தவன். அவள் பாதி சொல்லும்போதே முழுவதும் புரிந்துவிட்டது. வேறு ஏதாவது படித்திருக்கலாம்.

"மொத்தம் பதினோரு தடவை அடிச்சுது," என்றான்.

"பதினொண்ணுல மூணு நீங்க. மிச்சம் எட்டும் அவங்க. எட்டும் சரி சார்."

அழைப்பு மணி அடித்தது. வாசலில் ஹெல்மெட்டைக் கழற்றாமல் ஒருவன் நின்றான்.

"வல்லி மேடத்துக்குப் பார்சல். அவங்க இருக்காங்களா?"

"நான் வாங்கிக்கறேன்."

"ஓடிபி சொல்லுங்க சார்."

வல்லியின் போனை எடுத்துப் பார்த்து நாலு எண்களைச் சொன்னான். பெட்டியை வாங்கி மற்றவற்றின் மேல் வைத்தான். திரும்பி உட்காராமல் நின்றபடியே கேட்டான்.

"ஆள் மாறினா ஒரு மாதிரி, வியாதின்னா ஒரு மாதிரி சொல்ல வேண்டியதுதானே? எதுக்கு ரெண்டுக்கும் ஒரே குரல், ஒரே வாக்கியம்?"

"அதைச் சொல்லத்தான் வந்தேன்." அவள் நிமிர்ந்து பார்த்தாள். "உள்ளுக்குள்ள ரெண்டும் வேற வேற எண். மூணுன்னா ஆபத்து. ஏழுன்னா வேற ஆள். நான் முதல்ல ரெண்டு வாக்கியம்தான் எழுதியிருந்தேன். 'ரெண்டு விதமாப் பேசினா ஜனங்க குழம்புவாங்க, ஒண்ணாக்கிடு'ன்னாங்க. யாரு இன்னொருத்தர் காதுல கிடந்ததை எடுத்துத் தன் காதுல மாட்டப் போறா, அருவருப்பா இருக்காதான்னு ஒருத்தர் கேட்டார். எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். சாயந்திரம் ஒண்ணாக்கிட்டேன்."

"விமர்சனம் பண்றவங்க மாட்டுவாங்க."

"ஆமா சார். உங்களை மாதிரி ஆளுங்கதான் மாட்டுவாங்க. அதை யாரும் யோசிக்கல."

அவளை வெளியே போகச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

"இப்ப என்ன வேணும் உங்களுக்கு?"

"வீடியோவோட ஏழாவது நிமிஷத்துல எச்சரிக்கையை எப்படி அணைக்கிறதுன்னு அவங்க சொல்லித் தராங்க. இப்பவும் தினம் முப்பது நாப்பது பேர் அதைப் பார்த்து அணைக்கிறாங்க. எங்க சர்வர்ல தெரியுது. முப்பத்தெட்டாயிரம் கருவி வெளியில இருக்கு. பாதிக்கு மேல வாயை மூடிக்கிட்டுக் காதுல கிடக்குது."

"அப்டேட் போடுங்க. வாக்கியத்தைப் பிரிங்க."

"பழைய கருவிக்கு இனி அப்டேட் கிடையாதுன்னு முடிவாயிடுச்சு. நான் நாலு மெயில் போட்டேன். உள்ள இருந்து நான் சொன்னா அது மெயில். வெளிய இருந்து நீங்க சொன்னா அது சம்பவம். ஒரு உயிர் போயிருக்குன்னு யாராவது வெளிப்படையாச் சொன்னா, சட்டப்படி அவங்க பண்ணியே ஆகணும்."

"என்னன்னு சொல்லணும்? வல்லி தப்பாச் சோதிச்சா, தப்பாச் சிரிச்சா, அதனால செத்தான்னா?" அவன் குரல் உயரவில்லை. "உங்களுக்கு இந்த உலகம் தெரியாது மேடம். ஒரு பொண்ணு கேம் விளையாடினாலே திட்ட ஒரு கூட்டம் இருக்கு. ஆறு வருஷமா அவளைத் திட்டினவங்க, செத்தப்புறம்தான் வாயை மூடியிருக்காங்க."

ஃபர்ஹானா எழுந்தாள். புதிதாக வந்த பெட்டியின் ஓரத்தில் தன் எண்ணை எழுதி வைத்துவிட்டுப் போனாள்.

அன்று மதியம் மாதேஷ் வீடியோவைப் போட்டான். தினமும் பார்ப்பதுதான். பதினோரு லட்சம் பார்வைகளில் முந்நூறாவது அவனுடையவையாக இருக்கும்.

ஆறாவது நிமிடத்தில் மணியோசை கேட்டது. வல்லி கண்ணை உருட்டினாள்.

"கேட்டீங்களா? எட்டாவது தடவை. 'உங்கள் ரத்த ஓட்டத்தில் மாற்றம்.' எங்கம்மாகூட இவ்வளவு தடவை என்னை டாக்டர்கிட்டப் போகச் சொன்னதில்ல. சரி, நாம நியாயமா நடந்துக்குவோம். சயின்ஸ்னா என்ன? ஒரு ஆளை வெச்சுப் பார்த்தா அது ஜோசியம். ரெண்டு ஆளை வெச்சுப் பார்த்தாத்தான் சயின்ஸ். மாதேசு, இங்க வா. காதைக் குடு."

"நான் கேமரால வர மாட்டேன்."

"உன் மூஞ்சியை யாரு கேட்டா? காது மட்டும் போதும்."

ஆறு வருடத்தில் அவன் திரையில் வந்தது அந்த ஒரு தடவை. ஒரு காது, கொஞ்சம் தாடை. கீழே 'முதல் நாள்' என்று எழுத்து. மணியோசை. 'இரண்டாம் நாள்'. மணியோசை. 'மூன்றாம் நாள்'. மூன்றாவது மணியோசை வந்ததும் வல்லி சிரித்தாள். மேசையில் தலையை வைத்துக்கொண்டு, மூச்சு வாங்க, பதினோரு நொடி சிரித்தாள். அதை வெட்டிச் சுருக்க அவனுக்கு மனம் வரவில்லை. அப்படியே விட்டிருந்தான்.

"ஐயோ, ரெண்டு பேரும் ஒண்ணாச் சாகப் போறோம் போலிருக்கே," என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "மக்களே, செட்டிங்ஸ் போங்க. மூணாவது வரி. தொட்டீங்கன்னா வாயை மூடிக்கும். நிம்மதி."

இரண்டாவது ஆளை வைத்துப் பார்க்கலாம் என்பது முதலில் யார் யோசனை என்று எண்ணிப் பார்த்தான். முந்தின நாள் சாப்பிடும்போது அவன்தான் சொன்னான். 'எனக்குத்தான் இப்பத்தானே எல்லா டெஸ்டும் எடுத்தாங்க. நான் போட்டுப் பார்க்கறேன். எனக்கும் அடிச்சா முடிஞ்சுது கதை.' அதற்கு முன்பு அவள் வேறு ஒன்று சொல்லியிருந்தாள். 'எதுக்கும் திங்கக்கிழமை ஒரு டாக்டரைப் பார்த்துட்டு வந்துடவா?' என்றாள்.

அவனுக்கு முதலில் அடித்தது ஞாயிற்றுக்கிழமை. திங்கட்கிழமை அவள் போகவில்லை.

மறுநாள் பாலக்கோட்டில் இருக்கும் வல்லியின் அம்மாவுக்குப் போன் செய்தான். எடுத்தபோது பின்னால் தையல் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"சொல்லுங்க மாப்ள."

"அத்தை, அந்தக் காது மிஷின் வீடியோவை எடுத்துடலாம்னு இருக்கேன்."

"எதுங்க, பாப்பா சிரிப்பாளே, அதா? ஏங்க? நான் தினம் அதத்தானே பாக்கறேன். காலைல காப்பி குடிச்சுட்டு ஒரு வாட்டி, மத்தியானம் ஒரு வாட்டி."

"உங்க போனுக்குத் தனியா அனுப்பி வெக்கிறேன். ஆனா அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும்."

சொன்னான். ஃபர்ஹானா சொன்ன வரிசையிலேயே சொன்னான். ஏழு நாள் மனப்பாடம், எட்டாம் நாள், எட்டு மணியோசை, அவன் காது. திங்கட்கிழமையையும் சொன்னான். எங்கேயோ நடுவில் தையல் மிஷின் நின்றிருந்தது.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் தரதரன்னு இழுத்துட்டுப் போயிருப்பனே மாப்ள," என்றாள் அத்தை.

"ஆமாங்க அத்தை."

"மிஷின் சொல்லுதுன்னா போயிருப்பேன். கோழி கூவி சொன்னாக்கூடப் போயிருப்பேன். எனக்கு என்ன சயின்ஸ் தெரியும்?"

அவன் போனைக் காதோடு வைத்துக்கொண்டு நின்றான். மறுபடி அவள் குரல் வந்தது. அதில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அத அனுப்பாதீங்க. இனிமே அவ சிரிக்கறத நான் எப்படிங்க பாப்பேன்?"

போனை வைத்துவிட்டாள்.

புது வீடியோவைப் படம் பிடிக்க மூன்று நாள் ஆனது. படம் பிடிக்கும் இடமெல்லாம் வல்லி விட்டுப்போனபடியேதான் இருந்தது. விளக்குகள், மைக், அவள் உயரத்துக்கு வைத்த ட்ரைபாட். அதை உயர்த்த மாதேஷுக்குக் கை வரவில்லை. அவள் நாற்காலியை ஓரமாக நகர்த்திவிட்டு, சமையலறையிலிருந்து குட்டை முக்காலியை எடுத்து வந்து போட்டான். அதில் உட்கார்ந்தால் முகம் சட்டத்துக்குள் சரியாக விழுந்தது.

ஒரே தடவையில் பேசினான். வெட்டவில்லை, பின்னணி இசை போடவில்லை.

"வணக்கம். என் பேர் மாதேஷ். ஆறு வருஷமா இந்தக் கேமராவுக்குப் பின்னாடி இருந்தவன். துடி வீடியோவை நீங்க பார்த்திருப்பீங்க. அதுல வந்த காது என்னோடது. அந்தச் சோதனை என் யோசனை. அது தப்பான சோதனை. ஏன் தப்புன்னு சொல்றேன்."

நாலு நிமிடத்தில் சொல்லி முடித்தான். கருவி அடித்ததில் எட்டு சரி என்றான். கம்பெனி இரண்டு விஷயத்துக்கு ஒரே வாக்கியம் வைத்தது அவர்கள் தப்பு என்றான். அதைக் கேட்டுவிட்டு ப்ரொஃபைல் என்று ஒன்று இருப்பதையே மறந்தது தன் தப்பு என்றான். வல்லி டாக்டரிடம் போகிறேன் என்று சொன்னதையும், அதற்குத் தான் சொன்ன பதிலையும் சொன்னான்.

"மூணாவது வரியை அணைச்சவங்க மறுபடி போட்டுக்குங்க. ஏற்கெனவே அடிச்சிருந்தா இன்னிக்கே ஒரு டாக்டரைப் பாருங்க. அடிச்சது பொய்யா இருந்தா, ஒரு நாள் வீணாப் போச்சுன்னு இங்க வந்து என்னைத் திட்டுங்க."

வீடியோவை ஏற்றிவிட்டு, பழைய வீடியோவை அழித்தான். 'நிச்சயமாகவா?' என்று கணினி கேட்டது. ஆம் என்று அழுத்தினான்.

அவன் பயந்தது நடந்தது, ஆனால் பயந்த மாதிரி நடக்கவில்லை. வல்லியை யாரும் திட்டவில்லை. அவனைத் திட்டினார்கள். பொண்டாட்டியைக் கொன்றுவிட்டு வியூஸ் தேடுகிறான் என்று ஒருவர் எழுதியிருந்தார். அதன் கீழே மூவாயிரம் பேர் ஒப்புக்கொண்டிருந்தார்கள். அவனும் ஒப்புக்கொண்டான். 'வல்லி அக்கா இருந்திருந்தா இந்தச் சோதனையில் ஓட்டை எங்கேன்னு அவங்களே கண்டுபிடிச்சிருப்பாங்க' என்று ஒரு பெண் எழுதியிருந்தாள். திருச்செங்கோட்டிலிருந்து ஒருவர், மனைவிக்கு நாலு மாதமாக அடித்துக்கொண்டிருந்தது, அணைத்து வைத்திருந்தோம், இன்று ஸ்கேனுக்குக் கூட்டிப் போகிறேன் என்று எழுதியிருந்தார். பிறகு அவர் எதுவும் எழுதவில்லை. மாதேஷ் தினமும் அந்தப் பெயரைத் தேடிப் பார்த்தான்.

அத்தை கூப்பிடவில்லை.

கம்பெனி முதலில் மறுத்தது. பிறகு விசாரிக்கிறோம் என்றது. பத்தொன்பதாம் நாள் ஃபர்ஹானா கூப்பிட்டாள்.

"சார், அப்டேட் ரெடி. ரெண்டு வாக்கியமாப் பிரிச்சாச்சு. எல்லாருக்கும் விடுறதுக்கு முன்னாடி ஒரு கருவில பார்க்கணும். ஒருத்தர் ப்ரொஃபைலோட இன்னொருத்தர் போட்டுப் பார்க்கணும். எங்க லேப்ல இருக்கிறதெல்லாம் செயற்கைக் காது. உங்ககிட்ட இருக்கிறதை... அவங்க ப்ரொஃபைலை நீங்க அழிக்கலையே?"

"அழிக்கல."

"முடியாதுன்னா சொல்லிடுங்க சார். வேற யாரையாவது பார்த்துக்கறோம்."

"அனுப்புங்க."

துடி அலமாரியில் இருந்தது. சார்ஜ் ஏற அரை மணி நேரம் ஆனது. அப்டேட் இறங்க நாலு நிமிடம். ஃபர்ஹானா போனில் இருந்தாள். அங்கே இன்னும் சிலர் மூச்சு விடாமல் நிற்பது தெரிந்தது.

கருவியை எடுத்தான். இருபத்தோரு நாள் வல்லியின் காதில் கிடந்தது. அவள் ரத்தம் ஓடிய சத்தத்தை ஏழு நாள் கேட்டு மனப்பாடம் செய்தது. உலகத்தில் அந்தச் சத்தம் இப்போது இந்தக் கொட்டை அளவுக் கருவிக்கு மட்டும்தான் தெரியும். காதில் மாட்டிக்கொண்டான்.

கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. அது கேட்டுக்கொண்டிருந்தது.

பிறகு மணியோசை. அதே இனிமையான குரல்.

"இதை அணிந்திருப்பவர் வேறு ஒருவர். தயவுசெய்து வல்லியிடம் திருப்பிக் கொடுங்கள்."

"சார்?" போனில் ஃபர்ஹானாவின் குரல். "சார், இருக்கீங்களா? சரியாச் சொல்லுதா?"

கருவி இன்னொரு தடவை சொன்னது. அவன் முழுவதும் கேட்டான்.

"சரியாத்தான் சொல்லுது மேடம்," என்றான். "எல்லாருக்கும் அனுப்பிடுங்க."